வாழையிலையில் வைத்த நான்கு போல்ட்டுகள்

என் உயிரனைய இளவல் வேலுச்சாமிக்கு,

உன் கறுப்புக் கார் இன்று மீண்டும் சாலையில் இறங்கியது. ராயபுரத்துப் பட்டறை யூசுப் பாய் ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். உன்னைக் கொன்ற அந்த இடது முன்சக்கரத்தைத் தொடுவதற்கு எனக்கு ஓராண்டு தேவைப்பட்டது, தம்பி.

நீ அறிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். பனியன் கம்பெனி நடத்தும் சித்தப்பா மகன் தங்கவேல், தன் மகளின் திருமண ஊர்வலத்துக்கு இந்தக் காரைக் கேட்டான். சக்கரத்தைத் தாங்கும் போல்ட்டுகள் நான்கிலும் திருகுமரை தேய்ந்திருக்கிறது, புதியவை வரும்வரை வண்டி நகராது என்றாய். "எங்க பிட்டரு இருக்கறப்ப நீ எதுக்குடா கவலப்படற? நாளைக்கே மாட்டித் தர்றேன்" என்று கயிறு கட்டி இழுத்துப் போனான். நீயும் நம்பினாய். பனியன் மெஷினைப் பழுதுபார்க்கிறவன் கையில் கடிகாரம் முதல் கார்வரை கொடுத்துப் பழகிய ஊரல்லவா இது?

ஊர்வலம் முடிந்தது. கார் உன்னிடம் திரும்பியது. நான்காம் நாள் மூலனூர்ச் சாலையில் சக்கரம் கழன்றது. எதிரே புளியமரம் நின்றது.

உன் உடலருகே நின்று தங்கவேல் ஊராரிடம் என்ன சொன்னான் தெரியுமா? "என்னத்தச் சொல்றதுங்க, தண்ணி போட்டுட்டு ஓட்டீட்டான்." தைமாதந்தோறும் நோன்பிருந்து காவடி சுமந்த உன்னை! ஒருவர்கூட ஏன் மறுக்கவில்லை? கட்டிக்கொடுத்த உன் மகள் அன்றிலிருந்து, குடிகாரன் மகள் என்னும் பேச்சுக்கு அஞ்சி, எந்தக் கல்யாண வீட்டுக்கும் போவதில்லை.

கூடு நசுங்கிய காரைச் சீராக்கிய யூசுப் பாய், சென்ற வாரம் அந்தச் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றி என்னை வரச்சொன்னார்.

"இங்க பாருங்கம்மா. வீல் போல்ட்டுன்னா கழுத்துல பல்லு வெட்டியிருக்கும்ங்க. பின்னாலருந்து பிரஸ்ஸுல வெச்சு அழுத்துனா டிரம்மக் கடிச்சுக்கும். இதுல பல்லே இல்லீங்க. வெல்டு வெச்சு ஒட்டியிருக்காங்க."

"என்ன இரும்புங்க அது?"

"பனியன் மெஷினு ஸ்டேண்டுக்குப் போடற கம்பிங்க. லேத்துல மரை வெட்டியிருக்காங்க. உங்க தம்பி வண்டிய மாடாட்டம் மெதுவா ஓட்டியிருந்தாலும் இது அறுந்திருக்கும்ங்க."

நான்கும் கழுத்தருகே அறுபட்டிருந்தன. அந்த மிச்சங்களைத் தட்டியெடுத்து என் கையில் தந்துவிட்டு, புதியவற்றை ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றினார். ஒவ்வொன்றும் முனகியபடி அமரும்போது இறைவன் திருநாமத்தைச் சொல்ல வாயெடுத்தேன். தங்கவேலின் பெயரே வந்தது.

இன்று ஆயுத பூசை. அவன் கம்பெனிக்கு உன் காரிலேயே போனேன். வாழையிலையில் ஸ்பேனர், கத்திரி, எண்ணெய்க் கேன் யாவும் சந்தனம் பூசிக் குங்குமத்துக்குக் காத்திருந்தன. தையல் பெண்களும் வடநாட்டுத் தொழிலாளர்களும் நம் உறவினரும் கூடியிருந்தனர். முந்தானையில் முடிந்து கொண்டுபோன நான்கு துண்டுகளையும் அந்த இலையில் வைத்தேன்.

"இது என்னங்கக்கா?" என்றான்.

"உம்பட லேத்துல பொறந்ததுதான், தங்கவேலு. பூசையில உட்டுப்போச்சு. பொட்டு வெய்யி."

"நல்ல நாளும் அதுவுமா..." என்று சிரிக்க முயன்றான். அவன் பின்னால் நின்ற பிட்டர் ரங்கனை நான் பார்த்தேன். அவன் இலையையே பார்த்தபடி பேசினான்.

"இந்தக் கம்பி தாங்காதுன்னு அன்னைக்கே சொன்னேனுங்க மொதலாளி. ஊர்வலம் முடியற வரைக்கும் தாங்குனாப் போதும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

கற்பூரம் எரிந்து முடிந்தது. ஒருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கவேல் குனிந்து பொட்டு வைத்தான். மூன்றோடு கையை எடுத்தான். நான்காவதைச் சுட்டிக்காட்டினேன். அதற்கும் வைத்ததும் நான்கையும் மீண்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஆயினும், 'வேலுச்சாமி குடிக்கவில்லை' என்னும் சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று அறிவேன். பகைவனையும் மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொண்டவன் நம் முருகன் என்பாய். ஏற்பதற்கு முன் வேலால் இரு கூறாகப் பிளந்தான் என்பதை நீ ஒருபோதும் சொன்னதில்லை. மாலைதோறும் பதிகம் பாடி முடித்து, எல்லோரும் வாழ்க என்னும் இடத்தில் இப்போது வாய்மூடி நிற்கிறேன். அந்த எல்லோரில் அவனும் அடங்குவானே?

ஆகவே இந்த வாக்கை வைத்துக்கொள். அடுத்த ஆயுத பூசைக்கும் இந்த நான்கோடு, உன் காரில் போவேன். உன் உடலருகே சொன்ன பொய்யை அதே ஊரார்முன் அவன் விழுங்கும்வரை, ஆண்டுதோறும் அவன் கையாலேயே பொட்டு வைப்பான். எனக்குப் பின்னும் இது நிற்காது. போல்ட்டுகள் இருக்கும் பேழையின் சாவியை இன்று உன் மகளிடம் கொடுத்தேன். வாங்கித் தாலிச்சரட்டோடு முடிந்துகொண்டாள்.

இன்னும் மன்னிக்காத,
உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்த
பெரியக்கா