நடுவர்கள் தாளம் போடக் கூடாது

புதுக்கோட்டை
20 ஜனவரி 2025

அன்புள்ள பிராங்க்ளின்,

நான் நலம். உன் நலத்தையும் அம்மாவின் மூட்டுவலியையும் எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நாதப்பொழில் சபாவின் சுற்றறிக்கை உனக்கும் வந்திருக்கும். இசைப்போட்டியின் நடுவர்கள் முடிவு வரும்வரை ஒருவரோடொருவர் நேரில், போனில், வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது. செயலாளர் சிவசாமி சார் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லா ஓட்டையையும் அடைத்திருக்கிறார். தபாலை மறந்துவிட்டார்.

இன்னொரு விதி. நடுவர்கள் உறவினர்களாக இருக்கக் கூடாது. உறுதிமொழியில் கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் நின்றது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "கல்யாணம் பண்ணிக்கலாமா அன்பு?" நான் வாய் திறப்பதற்குள், "இப்பச் சொல்ல வேணாம், ஒன் பஸ்ஸு வந்துருச்சு." கேள்வியும் உன்னுடையது. தப்பிக்க வழியும் நீயே கொடுத்தாய்.

முடிவு அறிவித்த பிறகு பதில் சொல்கிறேன். விதிக்காக மட்டும் இல்லை. எனக்கே தெரியவில்லை. உன்னைப் பிடிக்கும். அதில் சந்தேகம் கிடையாது. வேறு ஏதோ ஒன்று தடுக்கிறது. அதற்குப் பெயர் கிடைத்ததும் எழுதுகிறேன்.

காரைக்குடியில் என் எம்.ஏ. வகுப்பில் பாதிப் பேருக்குத் தொண்டைக் கட்டு. பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் கொடுப்பது பாட்டுக்கு. நான் நடத்துவது இருமல்.

அன்புடன்,
அன்புமொழி


குளத்தூர்
27 ஜனவரி 2025

அன்புள்ள அன்பு,

உன் கடிதத்தைத் தபால்காரர் அம்மா கையில் கொடுத்துவிட்டார். நான் திருச்சியில் வகுப்பு முடித்து வரும்வரை ஃபிரிட்ஜ் மேல் வைத்துக் காவல் காத்திருக்கிறாள்.

"என்னடா, கையால எழுதுன கடுதாசி வந்துருக்கு. கோர்ட்டு கேசா?"

"போட்டி விசயம்மா."

"போட்டி விசயத்துக்கா பல்லு அம்புட்டும் தெரியுது?"

மூட்டுவலி பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்தே போய் வந்தாள்.

காத்திருக்கிறேன். மிருதங்கக்காரனுக்கு அது பழகிய வேலை. பாடுகிறவர் ஆலாபனையை முடிக்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தை ரசிக்கிற மாதிரி வைத்திருப்போம். பல சமயம் உண்மையிலேயே ரசிப்போம்.

அந்த ஒன்று எதுவென்று கண்டுபிடிக்க உதவட்டுமா? குறட்டையா? மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் அப்ப ரவை பிசைந்துவிட்டு அடுப்படியை அப்படியே போட்டுவிடுவேன் என்று என் தங்கை சரண்யா சொன்னாளா? அவள் சொன்னது எல்லாம் உண்மை.

சிவசாமி சார் போன் செய்தார். "போன வருசம் ஒரு நடுவரு தொடையில தாளம் போட்டாரு சார். மேடையில இருந்த புள்ள அதப் பாத்துப் பாத்துப் பாடி பிரைஸ் வாங்கிருச்சு. இந்தத் தடவ ஒங்க கையி மேசைக்கு மேலயே இருக்கணும். பேனாவோட." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போட்டியில் பக்கவாத்தியம் கிடையாது, சுருதிப்பெட்டி மட்டும். தாளத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு போவதுதான் சோதனையே. "நடுவர்கள் தாளம் போடக் கூடாது" என்று அட்டையே ஒட்டப்போகிறாராம்.

"கை சும்மா இருக்குமா சார்?" என்றேன்.

"எனக்கு ஒங்க கையி மேலதான் பயம். மேடம் சமாளிச்சுருவாங்க."

அன்புடன்,
பிராங்க்ளின்


புதுக்கோட்டை
10 பிப்ரவரி 2025

பிராங்க்ளின்,

நேற்று நீயும் அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது.

இறுதிச் சுற்று. அறந்தாங்கிப் பெண் செவந்தி பாடினாள். கல்பனாஸ்வரம். ஒவ்வொரு முறையும் ஸ்வரத்தை முடித்துப் பல்லவியைச் சரியான இடத்தில் எடுக்க வேண்டும். ஓரிடத்தில் தாளம் நழுவியது. முகம் வெளுத்தது. கை காற்றிலேயே நின்றது.

வகுப்பில் தினமும் செய்வதை என் கை செய்தது. பேனாவைப் போட்டது. மேசையில் தட்டியது. எனக்கே சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். தாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

உடனே மேசையின் அந்தக் கோடியில் நீ தட்டத் தொடங்கினாய். என்னைவிடப் பலமாக. தண்ணீர் பாட்டில் உருண்டது. மண்டபமே உன்னைத் திரும்பிப் பார்த்தது. சிவசாமி சார் ஓடி வந்தார். நீ எழுந்து நின்றாய். "மன்னிக்கணும் சார், பழக்கதோசம். நாந்தான்."

முடிவை நிறுத்தி வைத்தார்கள். உன்னை நடுவர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். நான் பேனாவைக் குனிந்து எடுத்துக்கொண்டேன். ஒரு கணம் நிம்மதி. அதன் பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

நாம் எம்.ஏ. படித்தபோது என் தேர்வுக் கச்சேரிக்கு நீதான் வாசித்தாய். நான் பல்லவியைத் தப்பான இடத்தில் எடுத்தேன். நீ தாளக் கணக்கில் ஒரு அட்சரத்தை விழுங்கி, தாளத்தையே என் பக்கம் நகர்த்தினாய். யாருக்கும் தெரியவில்லை. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அது யாருடைய மதிப்பெண் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்கு நன்றி வேறு சொன்னேன்.

கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை அட்சரம் விழுங்குவாய்? நான் யார் மனதையாவது புண்படுத்தினால் நீ போய் மன்னிப்புக் கேட்பாயா? நான் பரீட்சைத்தாளைத் தப்பாகத் திருத்தினால் உன் கையெழுத்தா?

என் தப்பு எனக்கு வேண்டும்.

நீ இனி நடுவர் இல்லை. போன் செய்யலாம் என்று நினைக்காதே. நான் இன்னும் நடுவர்தான். அதுதான் வெட்கம்.

அன்புமொழி


குளத்தூர்
15 பிப்ரவரி 2025

அன்பு,

முதலில் எழுதியது முழுக்க விளக்கம். கிழித்துவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. உன் கை தட்டியது, என் கை தட்டியது. பாடுகிறவர் விழப்போனால் தரையை நகர்த்து. அப்படித்தான் கற்றேன். திருச்சியில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தரையை நகர்த்தவா என்று பாடுகிறவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே விசாரணை நடத்தினாள்.

"அந்தப் புள்ளைக்குக் கோவமா?"

"ஆமா."

"என்ன செஞ்ச?"

"அது செஞ்ச தப்ப நான் செஞ்சேன்னு சொல்லிட்டேன்."

"ஒங்கப்பனும் இப்புடித்தான். கொழம்புல நான் உப்ப அள்ளிப் போட்டுருப்பேன். வந்தவுக வாயில வைக்கிறதுக்குள்ள 'நாந்தேன் போட்டேன்'பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். கட்டிக்கிட்டு வந்த வீட்டுல உப்பு கூடப் போடக்கூட எனக்கு உரிமை இல்லையா?"

கீரைத்தண்டு என் மேல் வந்து விழுந்தது. அப்பா மேல் எறிந்திருக்க வேண்டியது.

சிவசாமி சாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் போய்ச் சொன்னால் அதையும் உனக்காக நான் செய்ததாகிவிடும். நான் தட்டியது உண்மை. "நாந்தான்" என்றது பொய். நீ பேசிய பிறகு என் பொய்யை நான் திருத்திக்கொள்கிறேன்.

கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தமுறை பஸ் எதுவும் வரவில்லை. நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

பிராங்க்ளின்


புதுக்கோட்டை
3 மார்ச் 2025

அன்புள்ள பிராங்க்ளின்,

உன் கடிதம் வந்த அன்றே சிவசாமி சார் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணாத்தா, இங்கிட்டு வா. இந்தக் கூத்தக் கேளு. ஒருத்தரப் பிடிச்சுட்டேன்னு பெருமையா இருந்தேன். ரெண்டு பேராம்."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்தார். "மூணு பேரு."

"என்னடி சொல்ற?"

"அட்டை ஒட்டுன தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு நீங்களுந்தான் தொடையில தட்டுனீங்க. நான் பின்னாடிதான ஒக்காந்துருந்தேன்."

"செயலாளருக்கு அந்த விதி கிடையாது" என்றார். கொஞ்சம் மெதுவாக. பிறகு எங்களுக்குக் காபி வந்தது. என்னையும் நடுவர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். படி இறங்கும்போது உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. அவர் உனக்குப் போன் செய்ய, நீயும் மறுநாள் போய் உன் பொய்யைத் திருத்திவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார். காபி இரண்டு முறை வாங்கிக் குடித்தாயாமே.

நேற்று புது நடுவர்கள் முன்னால் எல்லோரும் மறுபடி பாடினார்கள். நான் கடைசி வரிசை. செவந்திக்கு இரண்டாம் பரிசு. தாளம் கல் மாதிரி நின்றது. கைகொடுக்கப் போனேன்.

"மேடம், ஒண்ணு சொல்லவா? அன்னைக்கு நீங்க தட்டாட்டியும் நான் பிடிச்சிருப்பேன்."

கோபமாகத்தான் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு நான் எழுதியதை ஒரே வரியில் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி கரைந்துவிட்டது.

மார்ச் 22, ஆவுடையார்கோவிலில் நூலகக் கட்டடத்துக்காக ஒரு கச்சேரி. பள்ளிக்கூட மண்டபம். நீ வாசிப்பாயா? ஒரே நிபந்தனை. தரையை நகர்த்தக் கூடாது.

இப்போது போனில் பேசலாம். இருந்தாலும் எழுது. போனில் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய்.

அன்புடன்,
அன்புமொழி


குளத்தூர்
8 மார்ச் 2025

அன்புள்ள அன்பு,

வாரேன்.

பயிற்சி எடுக்கிறேன். மாணவி சுடர்விழியைத் தப்பான இடத்தில் பல்லவி எடுக்கச் சொல்லிவிட்டு, நான் தாளத்தை விட்டு அசையாமல் வாசிக்கிறேன். கை ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன். நேற்று கேட்டாள், "சார், இன்னைக்காச்சும் சரியாப் பாடிக்கிறவா? எங்க வீட்டுல பயப்படுறாங்க."

அன்புடன்,
பிராங்க்ளின்


புதுக்கோட்டை
23 மார்ச் 2025

அன்புள்ள பிராங்க்ளின்,

நேற்று நான் வேண்டுமென்று தவறவில்லை. உன்னைச் சோதித்ததாக நினைத்துவிடாதே. கல்யாணி ராகத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஸ்வரம் நீண்டது. ஆசை. பல்லவியை எடுத்தேன், காலுக்கடியில் ஒன்றும் இல்லை.

நீ என்னைப் பிடிக்க வரவில்லை. தாளம் அதன் இடத்தில் இருந்தது. நான் வேறெங்கோ இருந்தேன். மண்டபம் முழுக்க அது கேட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். வியர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாய். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

நிறுத்தினேன். "தப்பு. மறுபடி எடுக்கிறேன்" என்று மைக்கிலேயே சொன்னேன். இருபது வருடப் பாட்டில் இந்த வாக்கியத்தை மேடையில் சொன்னதே இல்லை. முன்வரிசைப் பெரியவர் கையை ஆட்டினார். "எடுங்க தாயி. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரங் கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். நீதான் அதிகம். மிருதங்கத்தின் மேல் கவிழ்ந்து சிரித்தாய்.

பிறகு எடுத்தேன் பார், அந்தப் பல்லவி. சரியான இடத்தில். நானே போய் நின்றேன். நீ அங்கே இருந்தாய். நகர்ந்து வந்து இருக்கவில்லை. முதலிலிருந்தே அங்கேதான் இருந்தாய். கை தட்டினார்களே, அது என்னுடையது. முழுக்க. அதற்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பது இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது வேனில் நீ ஒன்றும் கேட்கவில்லை. "பரவாயில்ல, யாரும் கவனிக்கல" என்றுகூடச் சொல்லவில்லை. அறந்தாங்கி தாண்டித் தூங்கிவிட்டாய். குறட்டை உண்மைதான்.

பதில். சம்மதம்.

உன்னை எழுப்பி அங்கேயே சொல்லியிருக்கலாம். இப்போதுகூடப் போன் பக்கத்தில்தான் இருக்கிறது. சொன்னால் நீ உடனே பேசத் தொடங்குவாய், அம்மாவைக் கூப்பிடுவாய், சரண்யாவைக் கூப்பிடுவாய். அதெல்லாம் நடக்கட்டும். கொஞ்சம் பொறு.

நாளைக் காலை இதைப் பெட்டியில் போட்டுவிட்டுக் காரைக்குடிக்கு பஸ் ஏறுவேன். இது குளத்தூர் வந்து சேரும்வரை எனக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கே தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதை வைத்துக்கொண்டு சிரிப்பேன். வகுப்பில் பிள்ளைகள் என்ன மேடம் என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை, பாடுங்கள் என்பேன். நீ திருச்சியில் யாருக்கோ தாளம் சொல்லிக்கொண்டிருப்பாய், ஒன்றும் தெரியாமல்.

இந்தக் கடிதத்தையும் அம்மா ஃபிரிட்ஜ் மேல்தான் வைத்திருப்பார்கள். அவர்களிடம் நீயே படித்துக் காட்டு. பிறகு போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன்
அன்பு