முறுக்கு வைத்த இசைத்தட்டு

ஆடி 12, ஞாயிறு.

இன்று வீட்டில் இருந்தது மகன் செல்வம், மருமகள் கலா, சுரண்டையிலிருந்து வந்த அவள் அம்மா, நான். கலா ஒரு கறுப்புக் கிண்ணத்தில் முறுக்கு கொண்டுவந்தாள். அடியில் சிவப்பு லேபிள். செத்துப்போன என் வீட்டுக்காரருடைய அமெரிக்க பேண்டு இசைத்தட்டு அது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தென்காசிக் கல்யாணங்களில் கிளாரினெட் வாசித்தார்.

"ஏட்டி, உங்கம்மா தாலியையும் உருக்கித் தோடு பண்ணிப் போட்டுக்கோ" என்றேன். சம்பந்தி அழுதுகொண்டே பஸ் ஏறப் போய்விட்டாள்.

செல்வம் சிரித்தான். "அவள ஏன் ஏசுத? வெந்நீர்ல போட்டு வளச்சது நான்தாம்மா. இப்ப இத யாரு கேக்கா?"

அந்தப் பாட்டுக்கு அப்பாவின் பாதத்தில் ஏறி நின்று ஆடிய பிள்ளை இவன்.

சம்பந்தியைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கலாவிடம் நாளைக்கே சமாதானமாகப் பேசிவிடுவேன். எனக்குக் கொள்ளி வைக்கக் கூடாதவன் செல்வம்.