ஒட்டிவைத்த ஏரி

மார்ச் 4, செவ்வாய்
நூலகத்தில் இன்று நான்கு அகராதிகளுக்கு முதுகு ஒட்டினேன். விரலெல்லாம் பசை. மதியம் வேலை இல்லாததால், வீட்டிலிருந்து கொண்டுபோன என் பழைய பட ஆல்பத்தைச் சீர்செய்ய எடுத்தேன். ஒன்பது வயதில் மாவுப் பசை காய்ச்சி நானே ஒட்டியது. தீப்பெட்டிப் படங்கள், மிட்டாய்த் தாள்கள், நடுவில் ஏரிக்கரை விடுதியின் பட அஞ்சலட்டை. அதன்மேல் ஈரத்தாள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காலைக்குள் கழன்றுவிடும்.

மார்ச் 5, புதன்
கழன்றது. பின்பக்கம் அக்காவின் கையெழுத்து.

"அப்பாவுக்கு. போன வருடம் நாம் தங்கிய அதே விடுதியில் இருக்கிறேன். யாரோடும் ஓடிவரவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றுதான் கிளம்பினேன். இருபதாம் தேதி வரை இருப்பேன். நீங்கள் வந்து கூப்பிட்டால் வந்துவிடுவேன். யாரும் வராவிட்டால் நான் வேண்டாம் என்று புரிந்துகொள்கிறேன்."

முப்பத்தாறு வருடம்! ஐயோ, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்
போனவள் ஒரு வரி எழுதவில்லையே என்று புலம்பியே அப்பா போய்ச் சேர்ந்தார். அவள் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள். தபால்காரர் அட்டையை வாசலில் என் கையில்தான் கொடுத்தார். படம் அழகாக இருந்தது, ஒட்டினேன் — அவ்வளவுதானா? திருப்பிப் பார்க்காமலா ஒட்டியிருப்பேன்? அக்கா போனபின் ஜன்னலோரக் கட்டில் எனக்கு வந்தது. அந்தச் சந்தோஷம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சீ!

மார்ச் 7, வெள்ளி
அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, அட்டையை இரண்டு தடவை படித்தாள்.

"மனசைக் கல்லாக்கிக்கிட்டேனேடி. அந்த மனுஷன் வாசலையே பாத்துக்கிட்டு உயிரை விட்டாரு."

"அம்மா, நான் அப்போ சின்னப் பொண்ணும்மா—"

"பேசாதே."

பாதி நறுக்கிய காயை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்
நான்கு நாளாக என்னோடு பேச்சில்லை. இன்று சுவரிடம் சொல்வதுபோல, "உங்க அப்பா போனப்ப சித்தப்பாகிட்ட அவ போன்ல விசாரிச்சாளாம், அவர்கிட்ட நம்பர் இருக்கும். வாங்கு" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி
அக்காவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அந்த விடுதி ஜன்னலைவிட்டு நகரலடி நான். ஒவ்வொரு பஸ்ஸு வரும்போதும் எந்திரிச்சு நிப்பேன்."

"அக்கா..."

"தெரிஞ்சு செஞ்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியலக்கா."

"அம்மாவை அனுப்பு. அம்மாவை மட்டும்."

மார்ச் 16, ஞாயிறு
அம்மாவை அக்கா ஊருக்குப் பஸ் ஏற்றினேன். பைக்குள் அக்காவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள். இத்தனை வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ! 'போய்ட்டு வரேன்' என்பாள் என்று ஜன்னலடியில் நின்றேன். சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி
போன் இல்லை. நானும் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது?

மார்ச் 27, வியாழன்
தபாலில் ஒரு பட அட்டை. அதே ஏரி. விடுதிக்கு இப்போது இரண்டு மாடி கூடியிருக்கிறது. பின்பக்கம் அம்மாவின் கோணல் எழுத்து: "இரண்டு பேரும் இங்கே வந்தோம். ஒழுங்காகச் சாப்பிடு."

அதற்குக் கீழே, என்னை 'வாலு' என்று கூப்பிடும் ஒரே ஆள், அக்கா:

"வாலு, இதையாவது திருப்பிப் படி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி பஸ்ஸுக்கு ஜன்னலில் இருப்பேன்."

திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.