மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிய பிள்ளையார்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை, இரவு

பெற்ற மகனே என்னை முட்டாளாக்கப் பார்த்தான்.

செல்வம் பழைய பிக்கப்பில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றுகிறான். அதில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஈரத்தில் பிரேக் போட்டால் சக்கரம் இறுகி வழுக்காமல் காப்பது அந்த ஏபிஎஸ்தானாம். நேற்று அரிமளம் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வந்து, சரியாகிவிட்டது என்றான்.

சாயங்காலம் லோடுக்குக் கிளம்ப, வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டபடியே வாசலில் நிறுத்தியிருந்தான். வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று துடைத்துச் சந்தனம் வைக்கப் போனேன். மீட்டர் மேல் புதுப் பிள்ளையார் ஸ்டிக்கர், கோணலாக. நேராக ஒட்டலாம் என்று உரித்தேன். அடியில் அதே மஞ்சள் விளக்கு எரிகிறது.

"சாமிய வச்சாடா மறைக்கிற?"

"மீன்தண்ணி ஒழுகி, சக்கரத்துக்கிட்ட சென்சார் ஒயரு அரிச்சுப்போச்சாம் ஆத்தா. வண்டிய விட்டுட்டுப் போகச் சொல்றாரு. லோடு யாரு எடுக்குறது? பிரேக்கு பிடிக்குதுல்ல?"

"பிடிக்கும். பிடிச்சு, வழுக்கிக்கிட்டே போயி புளியமரத்துல நிக்கும். ஒங்கப்பன்கூட எங்கிட்ட இப்படிப் பொய் சொன்னதில்லடா."

சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை வாங்கித் திரும்ப ஒட்டிவிட்டு, தூறலிலேயே போய்விட்டான். எருமை. அஞ்சாவது படித்தவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு.

இப்போது மழை வலுத்துவிட்டது. வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். சோறும் போடமாட்டேன். வண்டிச் சத்தம் மட்டும் கேட்கட்டும்.