பதினோராம் எண்

கில்மோரன்,
12 அக்டோபர் 1986

அன்புள்ள டெக்லன் அண்ணா,

பாஸ்டனில் குளிர் தொடங்கிவிட்டதா? தபால்காரரைப் பார்க்கச் சொல்லி அம்மா தினமும் என்னை வாசலுக்கு அனுப்புகிறாள்.

நம் ஊர் அணியின் இறுதி ஆட்டத்தன்று மைதானத்தில் விற்ற ஆட்டக்காரர் பட்டியல் தாளில், பதினோராம் எண்ணுக்கு நேரே உன் பெயர் இருந்ததால் அம்மா ஆறு பிரதி வாங்கினாள். ஆட்டம் தொடங்கியபோது அந்த இடத்தில் கோனர் நின்றான். நீ பெஞ்சில் இருந்தாய். எதிரணியை ஏமாற்ற மேலாளர்கள் பொய்ப் பட்டியல் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் உடை மாற்றும் அறைக்கு வந்த பிறகுதான், மேலாளரான அப்பா அதை உனக்கே சொன்னார். ஒரு புள்ளியில் தோற்றோம். செவ்வாய்க்கிழமை நீ விமானம் ஏறிவிட்டாய்.

"அண்ணன்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"சொன்னா அவன் மூஞ்சிலயே தெரிஞ்சிடும்மா. ஊரே படிச்சிடும்" என்றார். சாப்பாட்டைத் தொடவில்லை.

உன் தங்கை,
ஊனா

பாஸ்டன்,
9 நவம்பர் 1986

அன்பு ஊனா,

சாரம் கட்டும் வேலை. கை முழுக்கக் காயம். மற்றபடி நலம்.

அந்த ஆறு பிரதியையும் அடுப்பில் போடு. அப்பா தன் கையால் ஒரே ஒரு வரி எழுதட்டும், 'தப்பு செய்துவிட்டேன்' என்று. கோடைக்கு வந்துவிடுகிறேன். இல்லையென்றால் அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை.

டெக்லன்

கில்மோரன்,
11 ஜனவரி 1987

அன்புள்ள அண்ணா,

பதினெட்டு வருடம் பார்த்த ஊர் அணியை அப்பாவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இனி பள்ளி அணி மட்டும்தான். கறிக்கடைக்காரர், வேண்டியதை அம்மா எழுதிக் கொண்டுபோன சீட்டை வாங்கி, "இது நிஜ லிஸ்டாக்கா, டூப்பா?" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா கறி வாங்காமல் வந்துவிட்டாள்.

நீ கேட்ட வரியை அப்பா எழுதித் தந்துவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன். கோடைக்கு வருவாய்தானே?

ஊனா

பாஸ்டன்,
8 பிப்ரவரி 1987

ஊனா,

அந்த வரியைப் படித்துவிட்டு அழுதேன். அப்பா பாடம் நடத்தும் பள்ளிக்கே போன் போட்டு, வகுப்பிலிருந்து அவரைக் கூப்பிடச் சொன்னேன். "கடிதம் கிடைச்சுதுப்பா" என்றேன். "எந்தக் கடிதம்?" என்றார்.

அவர் கையெழுத்து உனக்கு நன்றாகவே வருகிறது. மறுபடியும் தாளில் ஒன்று, களத்தில் வேறொன்று. அந்த வீட்டிலிருந்து வரும் எதையும் இனி நான் பிரிக்க மாட்டேன். வேறு இடத்துக்குப் போகிறேன்.

டெக்லன்

கில்மோரன்,
29 மார்ச் 1987

அன்புள்ள அண்ணா,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அன்று போன் பேசிவிட்டு, கையில் சுண்ணக்கட்டியோடு அப்பா எங்கள் வகுப்பைத் தாண்டிப் போனார். என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. மூன்று ஞாயிறு மேசையில் உட்கார்ந்து நிஜமாகவே உனக்கு எழுதினார். நான்கு பக்கம். தானே நடந்துபோய்த் தபாலில் போட்டார்.

இப்போதெல்லாம் பள்ளி அணியில் யாரைப் பெஞ்சில் உட்காரவைப்பதாக இருந்தாலும், முதல் நாளே அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்.

அந்த உறை வியாழக்கிழமை திரும்பி வந்துவிட்டது. பிரிக்கவே இல்லை. தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். என் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

தினமும் சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "அண்ணன்கிட்டருந்து எதாவது வந்துச்சாம்மா?" என்று என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

"இன்னும் இல்லப்பா. தூரமில்லையா, லேட்டாகும்" என்கிறேன்.

என் மூஞ்சியில் ஒன்றும் தெரிவதில்லை, அண்ணா.

ஊனா