புயலும் பூசணியும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தோற்றேன். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு எழுதுவதால் பேனா வழுக்குகிறது.

டாக்டர் சொன்னது நடக்கத்தான். சர்க்கரை ஏறியிருக்கிறது, நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் எப்படி இறங்கும் என்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நின்றுகொண்டா கற்றுக்கொடுப்பான்? நடக்கப் போனால் தெருமுனை நாய்க்கும் எனக்கும் ஆகாது. இதையெல்லாம் கேட்ட மகள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது தன்னுடைய நடன விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டுப் போனாள். டிவியில் ஓர் உருவம் ஆடும். நாம் வலது கையில் சின்ன ரிமோட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி ஆட வேண்டும். சரியாக ஆடினால் நட்சத்திரம், தப்பினால் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. பெயர் வைத்ததும் மகள்தான். அம்மாவுக்குப் புயல், எனக்குப் பூசணி. பெத்த அப்பனுக்கு வைக்கிற பேரா இது?

தோற்றவர்தான் ராத்திரிப் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது வீட்டுக்காரி போட்ட சட்டம். பகல் முழுக்கப் பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் நின்றுவிட்டு வந்து, என்னை வைத்து வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். எங்கிருந்துதான் வருகிறதோ அந்தத் தெம்பு.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு ரகசியம் கண்டுபிடித்தேன். அந்தப் பெட்டிக்கு நம் காலும் தெரியாது, இடுப்பும் தெரியாது. ரிமோட் பிடித்த கை ஒன்றுதான் கணக்கு. முட்டி வலி என்று சோபாவில் சாய்ந்துகொண்டு கையை மட்டும் ஆட்டிப் பார்த்தேன், நட்சத்திரம் கொட்டியது. வெங்காயம் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"உட்கார்ந்துக்கிட்டே டான்ஸ் ஆடுற முதல் ஆள் நீங்கதாங்க."

மானம் போயிற்று. மகளுக்கும் உடனே போன் போட்டுச் சொல்லியாயிற்று.

மார்ச் 21, சனி

ஜெயித்துவிட்டேன்! நின்றுகொண்டே, நியாயமாக, வியர்வை சொட்ட. அவளுக்குப் பிடித்த குடைக்காரிப் பாட்டு. திரையில் ஒரு பெண் குடையைச் சுழற்றி ஆடுவாள், அந்தப் பாட்டிலேயே ஜெயித்தேன். பாத்திரம் கழுவும் சத்தத்தைக் காலை நீட்டிக்கொண்டு கேட்டேன். நடுவில் ஒரு கண்ணாடி டம்ளர் போயிற்று. "தோத்த கோபத்தை டம்ளர் மேல காட்டாதே"ன்னு குரல் கொடுத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

மறுபடியும் நான்தான்! பூசணி உருள ஆரம்பித்தால் இனி நிற்காது.

ரிமோட் சரியில்லை என்கிறாள். ஆடத் தெரியாதவர்கள் எல்லாரும் சொல்வதுதான், ஆனால் அவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பேட்டரி மாற்றினேன். இரண்டு ரிமோட்டையும் அடையாளம் போட்டு மாற்றி மாற்றிப் பிடித்தோம். எதைப் பிடித்தாலும் அவள் பக்கம் சிவப்புதான்.

ஏப்ரல் 2, வியாழன்

அவள் இன்னும் ரிமோட்டையே குறை சொல்வதால் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதற்கு முன் மகளைப் போனில் பிடித்து, நீ கீழே போட்டிருப்பாய், சின்ன வயசிலிருந்தே உன் கையில் ஒரு சாமானும் உருப்பட்டதில்லை என்று திட்டினேன். அவள் "நான் தொடவே இல்லப்பா" என்று சத்தியம் செய்தாள்.

புது ரிமோட்டை வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். தோற்றாள். சிரிக்கவும் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. ரிமோட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினாள். கடையில் திருப்பிக் கொடுத்துடுங்க என்றாள்.

எனக்கு எங்கேயோ உதைக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

புரிந்துவிட்டது. விட்டுக்கொடுக்கிறாள்.

போன வாரம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் அவளைப் பார்த்து, "இவர் உற்சாகம் குறையாம பார்த்துக்குங்க" என்றார். இன்று மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா இப்ப சந்தோஷமா ஆடுறாரு. அது அப்படியே இருக்கட்டும், ஒண்ணும் கேட்காதே." என் காதால் கேட்டேன்.

நான் என்ன சின்னப் பிள்ளையா? பொய்யா ஒரு பரிசு கொடுத்து ஏமாத்துறதுக்கு? பாத்திரம் கழுவுறதுல எனக்கு என்ன கௌரவக் குறைச்சல்? நேருக்கு நேர் கேட்டே விட்டேன்.

"வேணும்னே தோக்கறியா?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"ஆமா. வேணும்னேதான். இப்ப அதுக்கு என்ன?"

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம். இனி உன்னோடு ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். அந்தச் "சரி"தான் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதா?

ஏப்ரல் 12, ஞாயிறு

ஒரு வாரமாக யாரும் ஆடவில்லை. சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவி வைக்கிறோம்.

ஏப்ரல் 18, சனி

நடந்ததை நடந்தபடி எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

சாயங்காலம் நான்தான் இறங்கி வந்தேன். எத்தனை நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது? "நான் ஆடல. நீ மட்டும் ஆடு. விட்டுக்கொடுக்க எதிர்ல ஆளே இல்ல, உண்மையா ஆடிக் காட்டு" என்றேன். இடுப்பு வலி என்றாள். நாளைக்கு என்றாள். நான் விடவில்லை, நச்சரித்தேன். கடைசியில் விருட்டென்று எழுந்து குடைக்காரிப் பாட்டைப் போட்டாள்.

நான் சோபாவில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். இத்தனை நாளும் பக்கத்தில் நின்று நானும் ஆடிக்கொண்டிருந்ததால் கண் டிவியை விட்டு நகர்ந்ததே இல்லை. அவளைப் பார்த்தது இன்றுதான்.

கால் பிசகவில்லை. இடது கை அழகாகச் சுழல்கிறது. வலது கை – எப்படி எழுதுவது – அது மட்டும் பிந்தி வருகிறது. தோள்வரை போக வேண்டியது பாதியில் நின்று இறங்குகிறது. முழங்கை மடங்கியே இருக்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையைத் தூக்குகிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது. திரையெல்லாம் சிவப்பு.

விட்டுக்கொடுக்கிறவள் பல்லைக் கடிப்பாளா?

"ரிமோட்டை இடது கைக்கு மாத்து" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மாற்றினாள். வலது கை செய்ய வேண்டியதை இடது கையால் செய்தாள். நட்சத்திரம் விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பாட்டு முடியும் முன்னே நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பேருந்து?"

"நீங்க முதல் தடவை ஜெயிச்சீங்களே, அதுக்கு முன்னாடியே."

"ஏன் என்கிட்ட சொல்லல? விட்டுக்கொடுத்தேன்னு ஏன் பொய் சொன்ன?"

"நீங்களேதானே காரணம் எடுத்துக் கொடுத்தீங்க. நல்ல காரணமா இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன்."

அவள் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இருவரும் அழவில்லை. இப்போது எழுதும்போதுதான் எனக்கு வருகிறது.

ஏப்ரல் 20, திங்கள்

அவளுக்குத் தெரியாமல் அவள் கடைக்குப் போனேன். அவளோடு சேர்ந்து கடை நடத்தும் அக்கா மட்டும் இருந்தார். மழுப்பிப் பார்த்தார், பிறகு சொல்லிவிட்டார்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு தம்பி. ஒரு அம்மாவுக்கு முடி வெட்டும்போது காது நுனியில கத்தரி பட்டுடுச்சு. பெருசா ஒண்ணுமில்ல, சின்னக் கீறல். அன்னைக்குக் கத்தரியைக் கீழ வெச்சவதான். இப்ப தலை அலசி விடுறா, சாயம் பூசுறா, வெட்டுறது மட்டும் நான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கண்ணாடியைப் பார், பக்கத்தில் என்ன வருகிறது பார் என்று நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளிடம் கத்துகிறவனுக்கு, பக்கத்தில் நின்று ஆடியவளின் கை தெரியவில்லை. ஜெயித்தேன் ஜெயித்தேன் என்று குதித்தேன். வெட்கமா இருக்கு.

ஏப்ரல் 29, புதன்

நரம்பு டாக்டரிடம் போனோம். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை பெரிதாகத் தொடங்கி, சின்னதாகிச் சின்னதாகி நின்றுவிட்டது. நடைபாதையில் நடக்கச் சொன்னார். வலது கை வீசவே இல்லை.

நடுக்குவாதத்தின் ஆரம்பம் என்றார்.

"கை நடுங்கவே இல்லையே டாக்டர்?" நான்தான் கேட்டேன், தப்புக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

"எல்லாருக்கும் நடுக்கத்துல ஆரம்பிக்காதுங்க. சிலருக்கு இறுக்கமும் மந்தமும்தான் முதல்ல வரும்."

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "கத்தரி பிடிக்கலாமா?"

மாத்திரை வேலை செய்தால் கை கொஞ்சம் இளகும், பிடித்துப் பாருங்கள், எவ்வளவு நாளைக்கு என்று இப்போது சொல்ல முடியாது, முழுசாகக் குணமாகிற வியாதி இல்லை – இதையெல்லாம் நிதானமாகத்தான் சொன்னார். டிவி ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன், அதை மட்டும் நிறுத்த வேண்டாம், மாத்திரைக்குச் சமமாக அதுவும் வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. கிளட்சைப் படக்கென்று விட்டுவிட்டேன். என் கையில் இப்படி ஆனதே இல்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்துக் கொன்றார்கள். "மெதுவா விடுங்க" என்றாள் அவள்.

மே 3, ஞாயிறு

மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்கிறாள். புது வேலை, கிளம்பி ஓடி வந்துவிடும் என்கிறாள். எனக்கு மூடி மறைத்தது போதும் போதும் என்று இருக்கிறது. இந்த வீட்டில் ஆளுக்கொரு பொய் சொல்லித்தானே இவ்வளவு நாள் போயிற்று? கடைசியில் அவளேதான் போன் எடுத்தாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன், பக்கத்தில் இருந்தால் அழுதுவிடுவேன் என்று. ரொம்ப நேரம் பேசினார்கள்.

மே 6, புதன்

மகளிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி. "அப்பா, ரிமோட்டுக்காக என்னைத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேளுங்க." கேட்டேன்.

மே 17, ஞாயிறு

மாத்திரை சாப்பிட்டால் அவளுக்குக் குமட்டுகிறது. எதைச் சமைத்தாலும் வாசம் பிடிக்கவில்லை. எரிந்து விழுகிறாள். விழட்டும்.

சாயங்காலம் ஆடினோம். ரிமோட்டை வலது கையில்தான் பிடிப்பேன் என்று பிடிவாதம். அவள் பக்கம் சிவப்பு சிவப்பாக விழுவதைப் பார்க்க முடியவில்லை. நான் கொஞ்சம் கையைத் தளர்த்தினேன். இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தப்பினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பாட்டின் நடுவே நிறுத்திவிட்டாள்.

"விட்டுக்கொடுக்கிறீங்களா?"

"இல்லையே, கால் வழுக்கிடுச்சு."

"பெட்டிக்குக் கால் தெரியாதுன்னு கண்டுபிடிச்சதே நீங்கதான்."

ரிமோட்டை சோபாவில் எறிந்தாள். "எனக்கு வந்திருக்கிறது கையில. நீங்க தடவிக் கொடுத்தா அது போயிடப் போறதில்ல. ஊரே என்னைப் பாவம்னு பார்க்கட்டும், நீங்களும் பார்த்தா நான் எங்கங்க போவேன்?"

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடித்துப் பிடித்து ஜெயித்திருக்க வேண்டுமா? வியாதிக்காரியைத் தோற்கடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமா? தெரியல. சத்தியமா தெரியல.

மே 26, செவ்வாய்

முழு மூச்சாக ஆடினேன். ஜெயித்தேன். அவள் பாத்திரம் கழுவினாள். உள்ளே போய் உதவ வேண்டும்போல இருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கடையிலிருந்து கத்தரியைக் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னாள்.

"உங்களுக்கு முடி வெட்டிப் பார்க்கட்டுமா? வாடிக்கைக்காரங்க தலையில கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்ல."

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆண்கள் தலையைத் தொட மாட்டேன் என்று சொல்லி, என்னை வெளியில் வெட்டிக்கொண்டு வரச் சொன்னவள். பால்கனியில் ஸ்டூலைப் போட்டு, கழுத்தில் பழைய பெட்ஷீட்டைக் கட்டினாள். பயமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? காதோரம் கத்தரி வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கத்தரி திறக்கும், நிற்கும், மூட யோசிக்கும். கை சோர்ந்து இறக்கி வைப்பாள், உதறிக்கொள்வாள், மறுபடி எடுப்பாள். வெயில் ஏறி பால்கனிச் சுவர்வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தொலைப்பேன் என்று வாயே திறக்கவில்லை.

முடிந்தது என்று கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள். ஒரு பக்கம் காதுக்கு மேலே, ஒரு பக்கம் காதை மூடி. பின்னால் தடவிப் பார்த்தேன், படிக்கட்டு. இந்தக் கையா அந்தக் கை? கல்யாணப் பெண்கள் தேடி வந்து காத்திருந்த கை.

"எப்படி இருக்கு?" என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லா இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கேவலமா இருக்கு" என்றேன்.

என் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"ஆமாங்க, கேவலமாத்தான் இருக்கு. முடி வளரட்டும், அடுத்த மாசம் சரியா வெட்டுறேன்."

ஜூன் 8, திங்கள்

காலையில் கிளம்பும்போது தொப்பியை நீட்டினாள். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கார் ஓட்டப் பழக வந்த பெண் ரோட்டைப் பார்க்காமல் என் தலையையே பார்த்ததில் வண்டியை ஒரு மேட்டில் ஏற்றிவிட்டாள். பலமாகத் திட்டினேன். தொப்பி நாள் முழுக்கப் பைக்குள்ளேயே இருந்தது.