எனக்கு விழ வேண்டிய அடி

நேற்று என் மகளிடம் மானம் போயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்து, "நீ படிச்சுக் காட்டுப்பா" என்றாள். எட்டாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன் நான். இருந்தாலும் தகப்பன் என்ற வீறாப்பில் உரக்கப் படித்தேன். ஓர் அணில் செய்த குறும்புக்கு அதன் தோழன் வாத்து அடி வாங்குகிறது. மன்னிப்புக் கேட்க அணில் போவதற்குள் வாத்து செத்துப்போகிறது. அந்த இடத்தில் எனக்கு எழுத்து மங்கி, மூக்கும் ஒழுகிவிட்டது.

"கண்ணாடி சரியில்லம்மா" என்றேன்.

"நீ கண்ணாடியே போடலையேப்பா."

சிநேகிதா, நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

நமக்குப் பதினோரு வயது இருக்கும். ஆட்சி மாறிய புதிது. டீக்கடையில் ரூபாய்க்கு மூன்று படி அரிசிப் பேச்சு, வயலில் கூலிச் சண்டை. அறுப்புக்கு அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு, உன் அப்பா மிராசுதார் வயல் வரப்பில் சங்கத்தின் செங்கொடியை நட்டார். கொடி நிற்கும் வயலில் யாரும் அரிவாள் வைக்க மாட்டார்கள். ஊருக்கே தெரிந்த இந்தச் சட்டம் என் மண்டைக்கு மட்டும் எட்டவில்லை. எனக்குத் தெரிந்தது கொடி கட்டியிருந்த மூங்கில்தான். அவ்வளவு நேரான தூண்டில் கழி ஜென்மத்துக்கும் கிடைக்காது என்று பிடுங்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டேன்.

"அடப்பாவி, எங்கப்பா நட்டதுடா!" என்று கழியைப் பறித்துக்கொண்டு நீ வயலுக்கு ஓடினாய். அதற்குள் மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி, பாதி வயல் அறுத்தாகிவிட்டது. "கொடிதான் இல்லியே" என்றார்களாம். கழியும் கையுமாக வந்த உன்னை எல்லார் முன்னாலும் உன் அப்பா அதே கழியால் அடித்தார். "யார்ரா சொல்லிக்குடுத்தது?" என்று அடிக்கு அடி கேட்டார். நீ வாயைத் திறக்கவில்லை. வீரனாகிய நான் நாணலுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள், "ஏன்டா சொல்லல?" என்றேன்.

"உங்கப்பா மிராசு வீட்டு வண்டிக்காரரு. உன் பேரச் சொன்னா எங்காளுங்க அவரப் போட்டு உதைப்பாங்க. எங்கப்பா அடிச்சா எனக்கு மட்டுந்தான்டா வலி."

அந்த வாரமே உன்னை முத்துப்பேட்டைக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருவிழாவுக்குத் திருவிழா வருவாய். "உங்கப்பாகிட்ட சொல்லிடுறேன்டா" என்பேன். "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பாய். நானும் நிம்மதியாகத் தலையாட்டுவேன். ஒரு கோழைக்கு இதைவிட வசதியான சிநேகிதன் கிடைப்பானா?

போன தையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா, "வாங்க தம்பி" என்று பாயை நகர்த்திப் போட்டார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே வளர்ந்த தெரு எங்களுடையது. அன்றுதான் முதல்முறையாக "அய்யா" என்றேன். வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்:

"அன்னிக்கு அந்த அடி அடிச்சனே தம்பி... ஏன் புடுங்குனான்னு கடைசி வரைக்கும் சொல்லாமயே போயிட்டான். நீங்க கூடவே திரிஞ்சவராச்சே, ஒங்களுக்குத் தெரியுமா?"

இவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை.

"வெயில் ஏறுது. ஒரு வாய் தண்ணி குடிங்கய்யா" என்று சொம்பை நீட்டினேன். தொண்டையில் நின்றது, இன்றும் அங்கேயே நிற்பது, இவ்வளவுதான்: "உங்க மகன் கொடியப் புடுங்கலய்யா. திரும்ப நட்டு வைக்கத்தான் ஓடியாந்தான்."